வீட்டில கேம் சேர்வர், ஒரே பெட்டியில ரெண்டு ஓஎஸ்: கொழும்பில கனநாள் ஓட்டின அனுபவம்

வீட்டில மைன்கிராஃப்ட் சேர்வர் வைக்க எந்த சொஃப்ட்வெயர் நல்லம் எண்டு ஆராவது கேட்டா நான் திருப்பிக் கேக்கிறது ஒண்டுதான், கரண்ட் போய்ட்டு வந்தா அது நீங்க கை வைக்காம தானா எழும்புமா? 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டின ஊர் இது, 2025 பெப்ரவரியில பாணந்துறை கிரிட் ஸ்டேஷனுக்குள்ள ஒரு குரங்கு பூந்து முழு நாட்டையுமே இருட்டாக்கிச்சு, அதால வடிவான மெனு, கலர் கிராஃப் எல்லாம் எனக்குப் பிறகுதான்.

பெட்டி ஒண்டும் பெரிசா இல்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில எடுத்த பழைய ஒஃபிஸ் பிசி, 16 ஜிபி ரேம், வெள்ளவத்தை வீட்டு ஹோல்ல டிவிக்குப் பின்னால கிடக்கு. ஒரு பக்கம் சேர்வர் ஓடுற டெபியன் லினக்ஸ், மற்றப் பக்கம் தங்கச்சின்ட படிப்புக்கு வின்டோஸ். அவ வின்டோஸ் போட்டா சேர்வர் படுத்திரும், உடனே டொரண்டோவில இருக்கிற சித்தின்ட மகன் வட்ஸப்பில "அண்ணா சேர்வர் செத்துட்டோ?" எண்டு கேப்பான்.

இதில முக்கியமான வேலை ரெண்டு. பயோஸுக்குள்ள, அதாவது ஓஎஸ்ஸுக்கு முதல் வாற மதர்போர்ட் செட்டிங்குக்குள்ள போய் கரண்ட் வந்தவுடனே பவர் ஒன் ஆகிற செட்டிங்கைப் போடோணும், அதை டெல்லில ஏசி ரிக்கவரி எண்டு சொல்லுவினம், மற்ற போர்டுகளில பேர் மாறும். அடுத்தது, பெட்டி எழும்பேக்க எந்த ஓஎஸ் எண்டு கேக்கிற கிரப் மெனுவில லினக்ஸ்தான் டிஃபோல்ட்டா இருக்கோணும், இல்லாட்டி விடிய 3 மணிக்கு கரண்ட் வந்து பெட்டி வின்டோஸுக்குள்ள போய் சும்மா நிக்கும். தங்கச்சிக்கு வின்டோஸ் வேணுமெண்டா கிரப்-ரீபூட் கமாண்டால அடுத்த ஒரு தரத்துக்கு மட்டும் அதை எழுப்பலாம், அதுக்கு முதல் டிஃபோல்ட்டை சேவ்ட் எண்டு மாத்தி வைக்கோணும். இன்னொண்டு, கிரப் 2.06ல இருந்து மற்ற ஓஎஸ்களைத் தேடி மெனுவில சேர்க்கிற ஓஎஸ்-புரோபரை நிப்பாட்டித்தான் தாறாங்கள், அதால மெனுவில வின்டோஸைக் காணேல்ல எண்டு பதறத் தேவையில்லை, அதை ஒன் பண்ணிட்டு கிரப்பை அப்டேட் பண்ணினாக் காணும்.

மணிக்கூட்டுப் பிரச்சினை எங்கட நாட்டுக்கெண்டே செய்த மாதிரி. லினக்ஸ் மதர்போர்ட் மணிக்கூட்டில யூடிசி எண்ட உலகப் பொது நேரத்தை எழுதும், வின்டோஸ் அதை உள்ளூர் நேரமெண்டு நினைக்கும், அதால இரவு 8 மணிக்கு வின்டோஸ் பின்னேரம் 2.30 எண்டு காட்டும். சரியா அஞ்சரை மணித்தியாலம் பிந்தினா காரணம் இதுதான். லினக்ஸ் பக்கம் லோக்கல் நேரத்துக்கு மாத்தலாம், நான் வின்டோஸ் ரெஜிஸ்ட்ரியில யூடிசிக்கு மாத்தி விட்டன், அதுதான் சுத்தம். அப்பிடியே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி வின்டோஸ் முழுசா மூடாமப் படுக்கும், பிறகு லினக்ஸில அந்தப் பார்ட்டிஷனுக்கு ஒண்டும் எழுத ஏலாது.

ஓஎஸ் இன்ஸ்டோல் எல்லாத்துக்கும் வென்டோய் எண்ட டூல். பென்டிரைவில ஒருக்காப் போட்டா காணும், பிறகு ஐஎஸ்ஓ எண்ட இன்ஸ்டோல் ஃபைலை பாட்டு கொப்பி பண்ணிற மாதிரி கொப்பி பண்ணி விடலாம், டெபியன், வின்டோஸ், ரெஸ்கியூ டிஸ்க் எல்லாம் ஒரே ஸ்டிக்கில. செக்கியூர் பூட் ஒன்ல இருந்தா முதல் தரம் கீ என்ரோல் பண்ணச் சொல்லும், அவ்வளவுதான். மலிவு பென்டிரைவ் மட்டும் வேண்டாம், வின்டோஸ் இன்ஸ்டோல் பாதியில இழுபடும்.

சேர்வரை நடத்த டெரடக்டில் எண்ட சொஃப்ட்வெயரைப் பார்த்தன். பனல் ஒண்டு, விங்ஸ் ஒண்டு, டொக்கர், டேட்டாபேஸ் எண்டு தனித்தனியாக் கனக்கப் போடோணும், ஒரு வீட்டுக்கு அது கூடிப்போச்சு, ஆக்களுக்கு சேர்வர் குடுத்து காசு வாங்கிறவைக்கு சரி. அதால இன்னொண்டு, கிராஃப்டி போட்டன், பிரவுசர்ல திறந்து பக்கப்பும் ரீஸ்டார்ட்டும் செய்யலாம், தங்கச்சியே செய்வா. கெய்சர் பிளகின் போட்டா ஃபோன்ல மைன்கிராஃப்ட்டின்ட பெட்ரொக் பதிப்பு விளையாடுற பெடியளும் ஜாவா பதிப்பு சேர்வருக்குள்ள வரலாம், ஆனா அதுக்கு 19132 யூடிபி போர்ட், ஜாவாக்கு 25565 டிசிபி, ரெண்டையும் குழப்பாதேங்கோ.

வெளி ஆக்கள் சேர்வருக்கு வர ரவுட்டர்ல வழி திறக்கிற போர்ட் ஃபோர்வர்ட் எல்லா லைனிலயும் வேலை செய்யாது. ரவுட்டர்ல வான் ஐபி, அதாவது வெளிப்பக்க அட்ரஸ், 100.64க்கும் 100.127க்கும் இடையில நிண்டா நீங்க கனபேர் ஒரே வெளி ஐபியைப் பகிர்ற சிஜிநெட்டுக்குப் பின்னால, ரவுட்டர்ல என்ன திறந்தும் பலனில்லை. அதுக்கு டெயில்ஸ்கேல் எண்ட விபிஎன் நல்லம், ஆனா ஒவ்வொருத்தரும் இன்ஸ்டோல் பண்ணோணும், சின்னப் பெடியளுக்கு அது தலையிடி. பிளேஇட் எண்ட டனல் சேவையில ஒரு அட்ரஸ் எடுத்துக் குடுத்தா முடிஞ்சுது, பிங் கொஞ்சம் கூடும், வீடு கட்டி ஆடு வளர்க்கிற விளையாட்டுக்கு அது பரவாயில்லை.

யூபிஎஸ் எடுக்கேக்க பின்னால யூஎஸ்பி போர்ட் இருக்கோ எண்டு பாருங்கோ, இருந்தாத்தான் பற்றரி முடிய முதல் நட் எண்ட சொஃப்ட்வெயரால வேர்ல்டை சேவ் பண்ணி ஒழுங்கா நிப்பாட்டலாம், பேப்பர் எண்ட மைன்கிராஃப்ட் சேர்வர் சொஃப்ட்வெயர் தானா சேவ் பண்றது 5 நிமிஷத்துக்கு ஒருக்காத்தான். ரவுட்டருக்கு அந்த சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் தனியா எடுங்கோ, பெட்டி உயிரோட இருந்தும் ஃபைபர் ரவுட்டர் அணைஞ்சா டொரண்டோக்காரனுக்கு ரெண்டும் ஒண்டுதான்.