கண்ணாடி இழையா, கார்பன் இழையா? வெயிலும் வேகமும் சொல்லும் பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த பீனிக்ஸில் பக்கி (பிக்கப்) வண்டிகளுக்குக் கேனப்பி, அதாவது பின்பக்கத்தை மூடும் கூடு, கட்டும் என் மைத்துனர் ஒரு கேள்வி கேட்டார். மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே இழைகளைப் பிசினால் ஒட்டிய அடுக்குத் தகடு வாங்கினால், கண்ணாடி இழை போட்ட கிளேர் நல்லதா, கார்பன் இழை போட்ட காரல் நல்லதா? அவர் கையில் இருந்த விவரத் தாள் காரலைத்தான் உயர்த்திக் காட்டியது. ஆனால் அதிலிருந்த எண்கள் எல்லாம் 23 டிகிரி அறையில் மெல்ல இழுத்து அளந்தவை. கேனப்பி நிற்கப்போவதோ டர்பன் வெயிலில். அங்கே கறுப்புக் கூரை 70 டிகிரியைத் தொடுவது அபூர்வமில்லை. ஜோகன்னஸ்பர்க் பக்கம் போனால் ஆலங்கட்டி வேறு. 2013 நவம்பரில் அந்த ஊர் இருக்கும் கௌடெங் மாகாணத்தில் எத்தனை கார்க் கூரைகள் குழிந்தன என்பது அங்கே இருப்பவர்களுக்கு மறந்திருக்காது.

இந்தத் தகட்டில் மூன்று பொருள்கள் சேர்ந்து வேலை செய்கின்றன, மூன்றும் சூட்டுக்கும் வேகத்துக்கும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. 2024 என்ற எண்ணுள்ள அலுமினியக் கலவை 70, 80 டிகிரிக்கெல்லாம் பெரிதாக அசையாது. இழுக்கும் வேகம் கூடினாலும் அதன் வலிமை கொஞ்சம்தான் மாறும். இழைகளும் அந்தச் சூட்டைப் பொருட்படுத்துவதில்லை. பிசின்தான் மாறுகிறது. வெயிலில் வைத்த கமர்கட்டை மெல்ல இழுத்தால் நீளும், வெடுக்கென்று இழுத்தால் உடையும். இந்தத் தகட்டில் பிசினாக இருக்கும் எபாக்சியும் அந்த ஜாதிதான். சூடும் மெதுவான சுமையும் அதை இளக்கும், குளிரும் வேகமும் விறைக்க வைக்கும். அதனால் இழையின் திசையில் இழுத்தால் வெப்பத்தின் பாதிப்பு குறைவாகத் தெரியும். 45 டிகிரி சாய்த்து இழுத்தாலோ, அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவும்படி வளைத்தாலோ அது பளிச்சென்று வெளிவரும்.

வேகம் என்று வந்தால் கிளேர் தனியாக நிற்கிறது. கண்ணாடி இழைக்கு ஒரு குணம் உண்டு: எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு வலிமை கூடும். அறுபடுவதற்கு முன் 4 சதவீதத்துக்கு மேல் நீளவும் செய்யும். கார்பன் இழை வேகத்தைக் கண்டுகொள்வதே இல்லை. 2 சதவீதத்தை எட்டும் முன்பே பெரும்பாலும் அறுந்துவிடும். 5 சென்டிமீட்டர் ஆலங்கட்டி நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் விழும்போது இந்த வித்தியாசம்தான் கணக்கு. கிளேரில் அலுமினியம் குழிந்து நீள, இழைகளும் கூடவே நீண்டு அடியை வாங்கிக்கொள்கின்றன. காரலில் அலுமினியம் நீளத் தயாராக இருக்கும்போதே உள்ளே இழை அறுந்துவிடுகிறது. ஏர்பஸ் ஏ380-ன் உடற்கூட்டு மேல்பகுதியில் கிளேரைப் போட்டார்கள். பறவை மோதும் வால்பகுதி முன்விளிம்புகளுக்கும் அதையே தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு அது வலுவான சாட்சி.

வெப்பத்திலும் காரலுக்கு ஒரு கூடுதல் சுமை. 120 டிகிரியில் பிசினை இறுக வைத்து ஆறவிடும்போது அலுமினியம் சுருங்குகிறது. கார்பன் இழை தன் நீளவாக்கில் சுருங்குவதே இல்லை. அதனால் வெளியிலிருந்து சுமை ஏறும் முன்பே அலுமினியம் இழுவிசையில் உட்கார்ந்திருக்கும். கண்ணாடி இழை ஓரளவு சுருங்குவதால் கிளேரில் இந்த உள்விசை குறைவு. வெயில் ஏறும்போது இது தளரும், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் குளிர்கால இரவில் கூடும். போதாததற்கு, கடல் உப்புக் காற்றில் கார்பன் அலுமினியத்தைத் தொட்டால் அரிப்பு நிச்சயம். நடுவே கண்ணாடி இழை அடுக்கு ஒன்று வைத்துத்தான் தடுக்க வேண்டும். விறைப்பு மட்டுமே வேண்டிய வண்டித் தரையின் சட்டகம் என்றால் காரல் சரி, கூரைக்கு வேண்டாம்.

அராமிட் (கெவ்லார் வகை) இழை போட்ட ஆரலை நீளமாகப் பேசத் தேவையில்லை. அழுத்தத்தில் அராமிட் பலவீனம், ஈரத்தையும் இழுக்கும். டர்பனுக்கு ஒத்துவராது.

எபாக்சிக்குப் பதில் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் போட்ட வகையைத்தான் நான் உண்மையில் யோசித்தேன். கிளேரை அழுத்து இயந்திரத்தில் ஆழமாக வளைக்க முடியாது; இழை அந்த அளவுக்கு நீளாது, மடிப்பு விழும் அல்லது பிளக்கும். பாலிப்ரொப்பிலீனோ 165 டிகிரி வாக்கில் உருகுவதால், சூடாக்கி அழுத்தினால் அடுக்குகள் நழுவி வடிவத்துக்கு வரும். அழுத்தத்தோடு சூடாக்கும் ஆட்டோகிளேவ் கலத்தின் செலவும் மிச்சம். ஆனால் எது அச்சில் உதவுகிறதோ அதுவே கூரையில் கெடுக்கிறது. ரூஃப் ரேக்கில் ஏணியும் சிமெண்ட் மூட்டையும் ஏற்றி, நாள் முழுதும் வெயிலில் நிறுத்தினால் அது மெல்ல மெல்லத் தொய்யும். சுமையை இறக்கினாலும் தொய்வு முழுதாகத் திரும்பாது. பக்கவாட்டுப் பலகைக்கு அதைத் தாராளமாகப் போடலாம்.

மைத்துனருக்கு நான் சொன்னது: கூரைக்குக் கிளேர், விலை கட்டுபடியானால் மட்டும். கட்டுபடியாகாவிட்டால் கொஞ்சம் தடித்த சாதா அலுமினியமே போதும், காரலுக்குத் தாவ வேண்டாம். அப்புறம், விற்பவரிடம் மூன்று சோதனை முடிவுகளைக் கேளுங்கள் என்றேன்: 70 டிகிரியில் பல மணி நேரம் சுமை தாங்கிய பிறகு எவ்வளவு தொய்வு, பூஜ்ய டிகிரியில் வேகமாக மோதினால் அடுக்கு பிரிகிறதா, 45 டிகிரி சாய்வில் சூட்டோடு இழுத்தால் வலிமை எவ்வளவு.