வகுப்புக்குப் பணம் கொடுக்கலாம், கையேட்டுக்கு வேண்டாம்: சேலத்தில் ஓர் அறிவியல் நடப்பு நிகழ்வுப் பயிற்சி

சேலம் ஐந்து ரோட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இயங்கும் ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சி மையம், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 1, தொகுதி 2 தேர்வுகளுக்குப் படிப்பவர்களுக்காக, அறிவியல் தொழில்நுட்பத்தின் அண்மைக்கால வளர்ச்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்துகிறது. மூன்று மாத வகுப்புகள், ஓர் அச்சிட்ட கையேடு, மாதிரித் தேர்வுகள், கைப்பேசிச் செயலி ஆகிய நான்கும் ஒரே கட்டணத்தில் அடங்கும். மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே அமைப்பில் இந்நகரில் வேறு சில வகுப்புகளும் நடப்பதால், எதைக் கேட்டுப் பார்த்துச் சேர வேண்டும் என்பதைச் சொல்வதே வாசிப்பவர்களுக்குக் கூடுதலாகப் பயன்படும்.

இந்த ஒரு பகுதிக்கு மட்டும் தனி வகுப்பு தேவையா என்று பலர் கேட்கிறார்கள். தொகுதி 1 முதல்நிலைத் தேர்வின் 200 வினாக்களில் 175 பொது அறிவைச் சேர்ந்தவை. அவற்றில் அறிவியல் ஓர் அலகுதான். ஆனால் முதன்மைத் தேர்வில், இந்தியாவின் வளர்ச்சியில் அறிவியல் தொழில்நுட்பத்தின் பங்கும் தாக்கமும் என்பதைப் பற்றி விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. ஏவுகணையின் பெயரும் ஏவிய தேதியும் மட்டும் தெரிந்தவரால் அங்கே அரைப் பக்கத்தைத் தாண்ட முடியாது. முதல்நிலைப் பாடத்திட்டத்தின் அறிவியல் அலகிலேயே ‘பொருள் உணராமல் கற்றலும் கருத்துணர்ந்து கற்றலும்’ என்று ஒரு வரி இருக்கிறது. பயிற்சி மையங்கள் பெரும்பாலும் அந்த வரியையும் மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன என்பது வேறு விஷயம்.

இந்த மையத்தின் வலிமை, விண்வெளியும் வேளாண்மையும் எடுக்கும் ஆசிரியர். பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கரும்பலகையைத் தவிர வேறெதையும் அவர் நம்புவதில்லை. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய, புவியை ரேடாரால் படம்பிடிக்கும் நிசார் செயற்கைக்கோளைப் பற்றி அவர் நடத்திய பாடத்தைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் அவருடைய முறை விளங்கும். 2025 ஜூலை 30 அன்று ஜி.எஸ்.எல்.வி. எஃப்-16 ஏவுகலம் இதை விண்ணில் செலுத்தியது. நாசாவின் எல்-அலைவரிசை ரேடாரும் இஸ்ரோவின் எஸ்-அலைவரிசை ரேடாரும் ஒரே கலத்தில் இருக்கின்றன. 12 நாளுக்கு ஒருமுறை அதே நிலப்பரப்பை மறுபடி பார்க்கும். இவ்வளவும் எல்லாக் கையேடுகளிலும் இருக்கிறது. இரண்டு ரேடார்கள் எதற்கு என்பதுதான் அவர் எழுப்பிய முதல் கேள்வி.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தை அவர் பலகையில் வரைந்தார். மேலே சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மேல் படர்ந்த மிளகுக் கொடி, நிழலில் காப்பிச் செடி, அதற்கும் கீழே மண். எஸ்-அலையின் நீளம் 9 முதல் 10 சென்டிமீட்டர். அது இலைகளிலும் சிறு கிளைகளிலும் பட்டுச் சிதறித் திரும்பிவிடும். எல்-அலையின் நீளம் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். தன்னைவிடச் சிறிய இலைகளை அது பெரிதாகப் பொருட்படுத்தாமல் இறங்கி, அடிமரத்தையும் தரையையும் தொட்டுத் திரும்பும். ஆகவே காட்டின் கூரையையும் அதன் தரையையும் ஒருசேரப் படிக்க இரண்டும் வேண்டும். அதே தரையை 12 நாள் கழித்து மறுபடி பார்க்கும்போது, திரும்பி வரும் அலையின் கட்டத்தில், அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதில், ஏற்படும் சிறு வேறுபாட்டைக் கொண்டு, நிலம் சில சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை வகுப்பிலிருந்த அனைவரும் அறிவர், நாகலூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவர் உடனே, “அப்படியென்றால் சரிவதற்கு முன்பே தெரிந்துவிடுமா சார்?” என்று கேட்டார். மெதுவாக நகரும் சரிவுகளுக்குத் தெரியும், ஒரே இரவு மழையில் சட்டென்று பெயர்ந்து விழுபவற்றுக்குத் தெரியாது என்று அவர் தந்த விடை, முதன்மைத் தேர்வில் ஒரு பத்தியாக எழுதத்தக்கது.

இரு கலங்களை விண்வெளியில் இணைத்துப் பார்த்த இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் சோதனை பற்றிய பாடமும் அதே தரத்தில் இருந்தது. 2024 டிசம்பர் 30 அன்று பி.எஸ்.எல்.வி. சி-60 ஏவிய இரு சிறு கலங்கள் 2025 ஜனவரி 16 அன்று விண்வெளியில் இணைந்தன என்பதும், அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்து நான்காவது நாடாக இந்தியா இதைச் சாதித்தது என்பதும் தேர்வர்களுக்கு மனப்பாடம். நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பறக்கும் இரண்டு கலங்கள், ஒன்றையொன்று நொடிக்குப் பத்து மில்லிமீட்டர் அளவில் நெருங்க வேண்டும் என்பதையும், முன்னால் செல்வதைப் பிடிக்க வேண்டுமானால் பின்னால் வருவது வேகத்தைக் குறைத்து, சுற்று விரைவாக முடியும் தாழ்ந்த பாதைக்கு இறங்க வேண்டும் என்பதையும் அவர் கெப்ளர் விதியிலிருந்து வருவித்துக் காட்டினார். பதினோராம் வகுப்பு இயற்பியலில் படித்து மறந்த விதி அது.

சேலத்தில் படிப்பவர்களுக்கு மட்டும் வாய்க்கும் ஒரு பாடமும் உண்டு. நிலவின் தென்துருவ மேட்டுநிலத்தில் இருப்பது அனார்த்தோசைட் வகைப் பாறை. பக்கத்து நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியில் அதே வகைப் பாறை கிடைப்பதால், தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதிப்பதற்கான செயற்கை நிலவு மண்ணை இஸ்ரோ அங்கிருந்து எடுத்த பொருளைக் கொண்டு உருவாக்கியது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியமைப்பியல் துறைக்கும் அந்தப் பணியில் பங்குண்டு. சந்திரயான்-3 இறங்கிய 2023 ஆகஸ்ட் 23, தேசிய விண்வெளி நாளாகிவிட்டது என்பது எல்லாருக்கும் தெரிகிறது; திருச்செங்கோட்டிலிருந்து வரும் மாணவர்களுக்கே சித்தம்பூண்டிக் கதை தெரிந்திருக்கவில்லை.

கனிமங்கள் பற்றிய வகுப்பிலும் அவர் ஊரை விடவில்லை. 2023இல் ஒன்றிய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில், சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டின் மாக்னசைட் இல்லை, காலியம் என்ற உலோகம் இருக்கிறது. காலியம் தனித் தாதுவாகக் கிடைப்பதில்லை. பாக்சைட்டிலிருந்து அலுமினா பிரிக்கும்போது துணைப்பொருளாக வருகிறது. சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போன காலத்தை நினைவூட்டிவிட்டு, குறைகடத்திகளில் காலியம் நைட்ரைடின் இடம் என்ன என்பதற்கு அவர் நகர்ந்தது, இரண்டு தனித்தனிப் பாடங்களை ஒரே மூச்சில் கோத்த நேர்த்தியான தாவல்.

மற்றவர்கள் எடுக்கும் வகுப்புகளைப் பற்றி இவ்வளவு சொல்ல இயலாது. குவாண்டம் பாடம் காணொளியாக ஓடியது. தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது, ஒதுக்கீடு ரூ.6,003.65 கோடி, நான்கு மையங்களில் தகவல்தொடர்புக்கானது சென்னை ஐ.ஐ.டி.யில் அமைகிறது என்று திரையில் வரிகள் வந்து போயின. குவாண்டம் கணினி எதனால் வேறுபடுகிறது என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. மருத்துவப் பாடம் பரவாயில்லை. ரத்தச் சிவப்பணுக்கள் வளைந்துபோகும் அரிவாள் செல் நோய்க்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் தந்த கிரிஸ்பர் மரபணுத் திருத்தச் சிகிச்சை, பழுதான மரபணுவை நேராகச் சரிசெய்வதில்லை என்பதும், கருவில் இருக்கும்போது சுரக்கும் ஹீமோகுளோபினை மீண்டும் சுரக்கவைக்கிறது என்பதும் தெளிவாக விளக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் நோய் ஒழிப்பு இயக்கத்தோடும், அந்நோய் காணப்படும் நீலகிரிப் பழங்குடியினரோடும் அதை இணைத்திருந்தால் பாடம் முழுமை பெற்றிருக்கும்.

கையேடு இந்தப் பயிற்சியின் மிகப் பலவீனமான உறுப்பு. வண்ண அட்டை, வழவழப்பான தாள், உள்ளே தேதிகளின் குவியல். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட கமலா, பூசா டி.எஸ்.டி. அரிசி 1 ஆகிய இரு நெல் வகைகளை அது மரபணு மாற்றப் பயிர்கள் என்று அச்சிட்டிருக்கிறது. வேற்று உயிரியின் மரபணு எதையும் நுழைக்காமல், நெல்லின் சொந்த மரபணுவிலேயே திருத்தம் செய்து உருவாக்கியவை அவை, பாக்டீரியாவின் மரபணுவை நுழைத்து உருவாக்கிய பி.டி. பருத்திக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடுதான் தேர்வில் கேட்கத்தக்க இடம். அந்த இடத்திலேயே கையேடு தவறுகிறது. சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்-1 ‘சூரியனை அடைந்தது’ என்று இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. கலம் சுற்றிவரும், சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலுள்ள முதலாம் லக்ராஞ்சுப் புள்ளி பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது; சூரியன் வரையுள்ள 15 கோடி கிலோமீட்டரில் அது நூற்றில் ஒரு பங்குதான்.

நோபல் பரிசுப் பக்கத்தில் பெயர்களும் நாடுகளும் மட்டுமே உள்ளன. 2024இல் இயற்பியல் பரிசு செயற்கை நுண்ணறிவின் அடிப்படையான செயற்கை நரம்புப் பின்னல்களுக்கு அடித்தளம் இட்ட ஹாப்ஃபீல்டுக்கும் ஹின்டனுக்கும் போனதும், வேதியியல் பரிசின் ஒரு பாதி செயற்கை நுண்ணறிவால் புரதங்களின் வடிவத்தைக் கணித்த ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும் போனதும் ஒரே போக்கின் இரு முகங்கள் என்று ஒரு வரி எழுத ஆசிரியர் குழுவில் யாருக்கும் தோன்றவில்லை. இந்தப் பக்கங்களுக்குப் பதிலாக, பத்திரிகைத் தகவல் அலுவலகம் தமிழில் வெளியிடும் செய்திக்குறிப்புகளை மாதந்தோறும் தொகுத்து வைத்துக்கொள்வதும், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான அரசுப் பாடநூல்களை ஒருமுறை ஒழுங்காகப் படிப்பதும் செலவில்லாதவை, பிழையும் குறைந்தவை.

மாதிரித் தேர்வுகளில் வினாக்கள் நன்றாகவே அமைந்துள்ளன. கூற்று, காரணம் வகை வினாக்கள் உண்மையிலேயே சிந்திக்க வைக்கின்றன. மதிப்பிடும் முறைதான் பொருந்தவில்லை. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணைக் கழிக்கிறார்கள். அது குடிமைப் பணித் தேர்வின் வழக்கம். தமிழ்நாடு தேர்வாணையத்தின் முதல்நிலைத் தேர்வில் தவறான விடைக்கு அப்படிக் கழிப்பதில்லை, விடை தெரியாதபோது நிரப்புவதற்கென ஐந்தாவது வட்டம் ஒன்று தரப்படுகிறது. இந்த மையத்தின் விடைத்தாளில் அந்த ஐந்தாவது வட்டமே இல்லை. தேர்வறையில் கை பழகியிருக்க வேண்டிய ஒன்றை இங்கே பழக வழியில்லை. அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்தும் மாற்றவில்லை.

செயலியில் ‘சந்தேகம் தீர்க்கும்’ செயற்கை நுண்ணறிவு உதவியாளர் இருப்பதாகப் பெரிதாக விளம்பரம் செய்கிறார்கள். ஆதித்யா எல்-1 ஏன் லக்ராஞ்சுப் புள்ளியிலேயே நிற்காமல் அதைச் சுற்றி வருகிறது என்று கேட்டால், அந்தப் புள்ளியில் ஈர்ப்பு விசை கிடையாது என்று பதில் வருகிறது. சூரியனின் ஈர்ப்பும் பூமியின் ஈர்ப்பும் அங்கே இருக்கவே செய்கின்றன. இரண்டும் சேர்ந்து, பூமியோடு ஒரே கால அளவில் கலம் சூரியனைச் சுற்றத் தேவையான விசையைத் தருவதுதான் அந்த இடத்தின் சிறப்பு. அப்புள்ளியிலேயே நின்றால், பூமியிலிருந்து பார்க்கையில் கலத்துக்குப் பின்னால் எப்போதும் சூரியன் இருக்கும். அதன் வானொலி இரைச்சலில் சமிக்ஞை மூழ்கிவிடும். பாடம் முன்பே தெரிந்தவருக்குத்தான் இந்தப் பதில் தவறு என்று தெரியும், தெரிந்தவர் கேட்கப்போவதில்லை. தேதிகளை நினைவூட்டுவது, அட்டவணை காட்டுவது போன்ற வேலைகளுக்குச் செயலி போதும்.

இடவசதி சுமார். மூன்றாம் மாடி, மின்விசிறிகள் போதவில்லை, பின்வரிசையில் பலகையின் கீழ்ப்பகுதி தெரியாது. இடைவேளையில் கீழே இறங்கினால் தெருமுனையில் தட்டுவடை செட் கிடைக்கிறது; அதை மையத்தின் கணக்கில் சேர்க்க முடியாது. வகுப்பு மாலை ஐந்தரைக்கு முடிவதாக அட்டவணையில் இருந்தாலும் ஆறேகாலுக்கு முன் முடிவதில்லை. ஆத்தூர், ஓமலூர் பக்கம் போகிறவர்களுக்கு அது சிரமமில்லை. ஏற்காட்டிலிருந்து வருபவர்கள் மலைப் பேருந்தைக் கருதிப் பாதியிலேயே எழுந்து போகிறார்கள், பெரும்பாலும் பாடம் சூடு பிடிக்கும் நேரத்தில். தொடக்கத்தை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளினால் தீர்ந்துவிடும் குறை இது.

முதன்மைத் தேர்வு வரை போகும் எண்ணத்தோடு தொகுதி 1க்குப் படிப்பவர்கள் இந்த வகுப்பில் சேரலாம். அந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் அடுத்த பிரிவுக்கும் வருகிறாரா, எந்தெந்தப் பாடங்களை அவர் எடுக்கிறார் என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே பணம் கட்ட வேண்டும். தொகுதி 4 மட்டும் எழுதுபவர்களுக்கு இவ்வளவு ஆழம் தேவைப்படாது; பாடநூல்களும், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் நடத்தும் கட்டணமில்லா வகுப்பும் அவர்களுக்குப் போதும். கையேடும் செயலியும் வேண்டாம், வகுப்பும் தேர்வும் மட்டும் போதும் என்று அலுவலகத்தில் கேட்டால் கட்டணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்கிறார்கள்; விளம்பரத் தாளில் இது இல்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள்.