வண்டுப்புழு ஈஸ்டின் ஜீனோம்: டேட்டா அருமை, ரிப்போர்ட் சுமார்

மாமரத் தண்டுத்துளைப்பான் புழுவின் குடலிலிருந்து பிரித்தெடுத்த ஒரு ஈஸ்டின் முழு ஜீனோமையும், அதாவது அதன் மொத்த டிஎன்ஏ வரிசையையும், படித்துத் தரச் சொல்லி, பெங்களூரில் உள்ள ஒரு தனியார் சீக்வென்சிங் நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தேன். முடிவு வந்துவிட்டது. லேப் வேலைக்கு ஐந்தில் நாலரை நட்சத்திரம். கூடவே வந்த ரிப்போர்ட்டுக்கு இரண்டு, அதுவும் அட்டை நன்றாக இருந்ததால். நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறையை வேறு இடங்களில் கொடுத்த தோழிகளும் சொன்னார்கள், அதனால் ஒருவரை மட்டும் மாட்டிவிடுவது நியாயமில்லை.

நான் வேலூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். என் மாணவி ஒருத்தியின் அப்பாவுக்குக் குடியாத்தம் பக்கம் மாந்தோப்பு. மரத்தடியில் தூள் கொட்டியிருந்தால் துளைக்குள் கம்பியை விட்டுக் குத்துவார், மருந்தில் நனைத்த பஞ்சைத் திணிப்பார், களிமண்ணால் பூசிவிடுவார். இந்த முறை மருந்து வைப்பதற்கு முன்னால் எங்களைக் கூப்பிட்டார். "இன்னா டீச்சர், புழு வயித்துல கீறத எடுத்து இன்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே, கால் இல்லாத தடித்த வெள்ளைப் புழுக்கள் சிலவற்றை மரத்தூளோடு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். பட்டோசெரா ருஃபோமாக்குலேட்டா என்ற நீள்கொம்பு வண்டின் புழு. வளர்ந்த வண்டைத் தோப்புக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்: சாம்பல் நிறம், கழுத்துப் பகுதியில் இரண்டு சிவந்த புள்ளிகள், உடம்பைவிட நீளமான கொம்பு.

அவர் கேட்டது நல்ல கேள்வி. மா போன்ற அகன்ற இலை மரங்களின் கட்டையில் செல்லுலோஸ் போக சைலான் என்ற சர்க்கரைச் சங்கிலியும் நிறைய இருக்கிறது. அதை உடைத்தால் சைலோஸ் என்ற ஐந்து கார்பன் சர்க்கரை வரும். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் இயல்பாக அதைப் புளிக்க வைக்காது. மரம் தின்னும் சில வண்டுகளின் குடலில் வாழும் ஈஸ்டுகள் புளிக்க வைக்கும். அமெரிக்காவில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெரிடித் பிளாக்வெல்லும் சுங்-ஓய் சுஹ்வும் புது ஈஸ்டுகளைத் தேடி வண்டுக் குடல்களைத் தோண்டினார்கள். 2005-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கு: மூன்று வருடத்தில் 650-க்கும் மேற்பட்ட ஈஸ்டுகள், அதில் குறைந்தது 200 யாருமே பெயர் வைக்காதவை. உளுத்த கட்டையைத் தின்னும் பஸ்ஸாலிட் வண்டில் கிடைக்கும் ஸெஃபர்சோமைசெஸ் ஸ்டிபிடிஸ்தான் இந்தக் கூட்டத்தில் பிரபலம். அதன் ஜீனோம் 2007-ல் வெளிவந்தது: 8 குரோமோசோம்கள், 15.4 மெகாபேஸ் (ஒரு மெகாபேஸ் என்றால் பத்து லட்சம் டிஎன்ஏ எழுத்து), 5,841 ஜீன்கள். அதே வண்டிலிருந்து வந்த ஸ்பதாஸ்போரா பஸ்ஸாலிடாரத்தின் ஜீனோம் 2011-ல் வந்தது. விவசாயக் கழிவிலிருந்து எத்தனால் எடுக்க நினைப்பவர்களுக்கு இவை இரண்டின் மேலும் ஒரு கண் உண்டு.

எங்கள் ஈஸ்ட் சைலோஸ் தட்டில் நன்றாக வளர்ந்தது. ஈஸ்ட் இனங்களை அடையாளம் காணப் பயன்படும் டி1/டி2 என்ற சின்ன டிஎன்ஏ பகுதியை மட்டும் படித்துப் பார்த்ததில் ஸெஃபர்சோமைசெஸுக்குச் சொந்தம் என்று தெரிந்தது. சரி, முழுசாகவே படித்துவிடலாம் என்று இறங்கினோம்.

விலைப்பட்டியல் கேட்டு மெயில் போட்ட அன்றே பதில் வந்தது. அனுப்பியது கத்திரி வெயில் சமயத்தில். காட்பாடி வழியாகப் போகும் பார்சல் வேனுக்குள் என்ன சூடு இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அவர்களே ஒரு வழி சொன்னார்கள். டிஎன்ஏவை எத்தனாலில் வீழ்படிவாக்கி, அப்படியே குழாயில் மூடி அனுப்பிவிடலாம், ஐஸ் உருகினாலும் கெடாது என்றார்கள். தெர்மாகோல் பெட்டியில் ஜெல் பேக்கும் வைத்தோம். போய்ச் சேரும்போது ஜெல் வெந்நீராகியிருக்கும், டிஎன்ஏ நன்றாகவே இருந்தது.

எனக்கு அவர்களை ரொம்பப் பிடித்துப்போனது அடுத்த கட்டத்தில்தான். எங்கள் நானோடிராப் கருவி காட்டிய அளவைவிட அவர்களுடைய கியூபிட் கருவி மிகக் குறைவாகக் காட்டியது. நானோடிராப் ஆர்என்ஏவையும் சேர்த்து எண்ணிவிடும், கியூபிட் இரட்டை இழை டிஎன்ஏவை மட்டும் எண்ணும், அதனால் இது சகஜம். சத்தமில்லாமல் வேலையைத் தொடர்ந்து அரைகுறை டேட்டா கொடுத்துவிட்டுப் பில் அனுப்பியிருக்கலாம். செய்யவில்லை. போன் செய்து, "மேடம், லைப்ரரிக்கு இது போதும், ஆனா ரிப்பீட் பண்ண மிச்சம் இருக்காது, தொடரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டார்கள். லைப்ரரி என்றால் கருவியில் ஏற்றத் தயார்செய்த டிஎன்ஏ துண்டுகள். இந்த ஒரு போனுக்காகவே திரும்பவும் அவர்களிடம் கொடுப்பேன்.

டேட்டாவும் சொன்ன அளவுக்கு மேலேயே வந்தது. 150 எழுத்து ஜோடி ரீடுகள் (ஒவ்வொரு டிஎன்ஏ துண்டையும் இரு முனையிலிருந்து படித்த வரிசைகள்), ஜீனோமின் ஒவ்வோர் இடத்தையும் நூறு தடவைக்கு மேல் படித்திருந்தார்கள். கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்களும் கூடவே இருந்தன. டவுன்லோடு இணைப்புக்குக் கெடு உண்டு, கல்லூரி வைஃபையை நம்பாமல் வீட்டு இணைப்பில் இறக்குங்கள்.

இனி ரிப்போர்ட். தடிமனான பிடிஎஃப், பக்கத்துக்குப் பக்கம் வண்ண வட்டங்கள். புரத வரிசைக் கோப்பைத் திறந்து, ஸ்டிபிடிஸின் புரதங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கே செரின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய பல இடங்களில் இங்கே லியூசின் என்ற வேறொரு அமினோ அமிலம். ஒன்றிரண்டு என்றால் உயிரினத்துக்கு உயிரினம் வேறுபாடு என்று விட்டுவிடலாம். எல்லாமே சியுஜி என்ற ஒரே கோடானில், அதாவது ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல்லில், நடந்திருந்தது.

இந்த ஈஸ்டுகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். உயிரினங்களில் பெரும்பாலானவை சியுஜி என்ற மூன்றெழுத்தை லியூசின் என்று படிக்கின்றன. ஸெஃபர்சோமைசெஸ், ஸ்பதாஸ்போரா, ஆஸ்பத்திரியில் பேர் எடுத்த கேண்டிடா அல்பிகன்ஸ் எல்லாம் அடங்கிய கிளை அதைச் செரின் என்று படிக்கிறது. இதற்கென்றே அமெரிக்க மரபணுத் தரவு மையமான என்சிபிஐயின் பட்டியலில் 12-ஆம் எண் மரபுக்குறியீட்டு அட்டவணை இருக்கிறது. இவர்கள் பொதுவான 1-ஆம் எண்ணில் ஓட்டியிருந்தார்கள். அதோடு விடவில்லை, ஜீன் கண்டுபிடிக்கும் ஆகஸ்டஸ் மென்பொருளை ரொட்டி ஈஸ்டின் அளவுருக்களோடு ஓட்டியிருந்தார்கள். அதே மென்பொருளில் ஸ்டிபிடிஸுக்கான அளவுருக்கள் அதன் பழைய பெயரான பிச்சியா ஸ்டிபிடிஸ் என்ற பெயரில் தயாராக இருக்கின்றன, ஒரு சொல்லை மாற்றித் தட்டினால் போதும்.

சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். லியூசின் எண்ணெய்ப் பக்கம் சாயும், செரின் தண்ணீர்ப் பக்கம் சாயும். அந்தக் கோப்பை நம்பி ஒருவர் நொதியின் வடிவத்தைக் கணித்தால் அந்த இடங்கள் எல்லாம் தப்பாகும். இன்னொரு பக்கமும் உண்டு. இந்த ஈஸ்டின் சைலோஸ் ஜீன் எதையாவது ஈ.கோலை பாக்டீரியாவில் போட்டுப் புரதம் எடுக்க நினைப்பவர், அதில் சியுஜி இருந்தால் முதலில் மாற்றி எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஈ.கோலை அங்கே லியூசினைக் கோத்துவிடும். ரிப்போர்ட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

பார்க்கின்சன் நோய்க்கு மட்டும் தனி வட்டம் இருந்தது! ஹண்டிங்டன் நோய்க்கும் ஒன்று. மாமரப் புழுவின் குடலில் கிடந்த ஈஸ்டுக்கு நடுக்குவாதமா என்று துறையில் எல்லோரும் சிரித்தோம். அந்த நோய்களின் பாதைப் படங்களில் மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலி ஜீன்களும் உண்டு, எந்த ஈஸ்டை ஓட்டினாலும் அவை பொருந்திவிடும். யாராவது மனிதராகப் பார்த்து வெட்டியிருக்க வேண்டிய பக்கங்கள். வேடிக்கை என்னவென்றால், உருப்படியான ஒரு செய்தி அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. சுவாசச் சங்கிலியின் முதல் கூட்டமைப்பு ரொட்டி ஈஸ்டில் கிடையாது, ஸ்டிபிடிஸில் உண்டு. எங்களுடையதிலும் அதன் ஜீன்கள் இருக்கின்றன. அதை எடுத்துச் சொல்லாமல் பார்க்கின்சன் என்று தலைப்புப் போட்டுவிட்டார்கள்.

புகார் சொன்னபோது விற்பனைப் பிரிவில் எடுத்தவர் "ஸ்டாண்டர்ட் பைப்லைன் மேடம்" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். பிறகு பகுப்பாய்வுப் பெண் ஒருத்தி லைனுக்கு வந்தாள். 12 என்று நான் சொல்லி முடிப்பதற்குள் "ஐயோ, சிடிஜி கிளேடா மேடம்?" என்றாள். சியுஜியைச் செரினாகப் படிக்கும் கிளைக்கு அதுதான் பெயர், டிஎன்ஏவில் எழுதும்போது யு-வுக்குப் பதில் டி வரும். காசு வாங்காமல் மறுபடி ஓட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணின் கையில் முதலிலேயே போயிருந்தால் இந்த விமர்சனம் நாலு வரியில் முடிந்திருக்கும்.

செலவு: கௌரவ விரிவுரையாளர் ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்தை ஒட்டி வந்தது, ஜிஎஸ்டி தனி. இதில் நல்ல பங்கு பகுப்பாய்வுக்குப் போனது. அடுத்த ஈஸ்டுக்கு ரீடுகளும் அவற்றைக் கோத்து உருவாக்கும் அசெம்பிளியும் மட்டும் வாங்கிக்கொண்டு மீதியை எங்கள் முதுகலைப் பிள்ளைகளை வைத்துச் செய்யப்போகிறேன், மென்பொருள் எல்லாம் இலவசம்தான். கணினி வசதி இல்லாத கல்லூரிகள் முழுப் பேக்கேஜ் வாங்கினால், ஆர்டர் மெயிலிலேயே "அட்டவணை 12" என்று எழுதி, ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்த பிறகு முன்பணம் கட்டுங்கள். பில்லில் கல்லூரியின் ஜிஎஸ்டி எண் சரியாக இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள், எங்களுக்கு அதை மாற்றி வாங்க ஜீனோம் படித்ததைவிட அதிக நாள் ஆனது.