மஸ்டாங்குக்கு கார்புரேட்டர்: டேங்க் பம்பா, மெக்கானிக்கல் பம்பா?

1986–93 ஃபோர்டு மஸ்டாங் 5.0 காரில் இன்ஜெக்‌ஷனை எடுத்துவிட்டு கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் பாகம்) உள்ள இன்ஜின் வைத்தால், டேங்குக்குள் இருக்கும் பழைய எலெக்ட்ரிக் பம்பையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது சுமார் 40 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) தள்ளும், கார்புரேட்டருக்கோ 6, 7 போதும், மீறினால் அதற்குள் பெட்ரோலை அடைத்து நிறுத்தும் நீடில் வால்வு தாங்காமல் பெட்ரோல் வழியும் என்பதால் அழுத்தத்தைக் குறைக்கும் பைபாஸ் ரெகுலேட்டர் போட்டு மிச்சத்தை ரிட்டர்ன் லைனில் டேங்குக்கே திருப்பிவிட வேண்டும். அந்த லைன் ஏற்கெனவே இருக்கிறது, பாதி வேலை மிச்சம்.

இன்ஜினே இயக்கும் மெக்கானிக்கல் பம்ப் என்றால் வயரிங் தொல்லை இல்லை, சரி. ஆனால் இன்ஜின் முன்பக்க மூடியான டைமிங் கவரை மாற்றி, கேம்ஷாஃப்டில் பம்பை அசைக்கும் எக்சென்ட்ரிக் போட்டு, டேங்க் பம்பையும் கழற்றணும். தெருவில் ஓட்டும் வண்டிக்கு இத்தனை பாடு எதற்கு?

எதைப் போட்டாலும் டேங்குக்குக் காற்று போகும் வென்ட்டை மட்டும் அடைக்காதீர்கள், உள்ளே வெற்றிடம் உண்டாகி இன்ஜினுக்குப் பெட்ரோல் வராது. பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி கேனிஸ்டரை வைத்துக்கொண்டு, அந்த ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் குழாயை கார்புரேட்டரின் போர்ட்டட் வேக்குவத்தில் (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மட்டும் உறிஞ்சும் துளையில்) மாட்டுங்கள், பெட்ரோல் வாடையும் குறையும்.