ஒரே வகையா, பல வகைகளா? கைத்தொழில் செய்வோருக்கான ஒப்பீடு

கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் தொழிலின் விவரங்களைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் தம் தொழிலைப் பதிவுசெய்யும் பிளம்பரும் எலெக்ட்ரீஷியனும் பெரும்பாலும் தயங்கி நிற்பது தொழிலின் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான். முதன்மை வகை ஒன்றையும் கூடுதல் வகைகள் ஒன்பது வரையிலும் அங்கே குறிக்கலாம். இடம் இருக்கிறது என்பதற்காக அத்தனையையும் நிரப்ப வேண்டுமா என்பதே கேள்வி.

செலவு: இரண்டுக்குமே கட்டணம் இல்லை.

பொருத்தம்: தேடும் சொல்லுக்கு எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு தொலைவில் உள்ளது, எந்த அளவுக்கு அறியப்பட்டது என்ற மூன்றையும் முக்கியமாகக் கொண்டே கூகுள் உள்ளூர் முடிவுகளை வரிசைப்படுத்துகிறது. வகை உதவுவது முதலாவதற்கே. ஆகவே ‘ஒப்பந்ததாரர்’ என்று பொதுவாகக் குறிப்பதைவிடக் ‘கூரை ஒப்பந்ததாரர்’ என்று குறிப்பாகச் சொல்வது, ஒழுகும் கூரைக்கு ஆள் தேடுபவரிடம் நேராகக் கொண்டு சேர்க்கும். பல வகைகளைச் சேர்த்தால் வேறு தேடல்களிலும் தோன்றலாம் என்பது உண்மைதான். ஆனால் செய்யாத வேலைக்கு அழைப்பு வந்து, ஏமாந்தவர் எழுதும் குறைந்த மதிப்பீடு நெடுநாள் நிற்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தொழிலை விளக்கத் தேவையான மிகக் குறைந்த வகைகளே போதும் என்பதுதான் கூகுளின் வழிகாட்டுதலும்.

பராமரிப்பு: ஒரே வகையை அடிக்கடி தொட வேண்டியதில்லை. வகைகளைச் சேர்த்தும் மாற்றியும் வந்தால், தொழிலை மீண்டும் சரிபார்க்குமாறு கூகுள் கேட்கலாம்.

குழாய் வேலை மட்டும் செய்பவருக்கு முதன்மை வகை ஒன்றே போதுமானது. கழிவுநீர் அடைப்பு நீக்குவதையும் தனி வேலையாக ஏற்பவர் அதையும் சேர்த்துக்கொள்ளட்டும். கசிவு அடைத்தல், ஹீட்டர் பொருத்துதல் போன்ற சிறு பணிகளுக்கு உரிய இடம் வகைப் பட்டியல் அன்று, சேவைகள் பகுதியே.