ஒரே ஒரு போன், வகுப்பு நிறைய அட்டைகள்: பிளிக்கர்ஸ் பற்றி

உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். வகுப்பறையில் டிஜிட்டல் தொழில்நுட்பம் என்று யார் பேச ஆரம்பித்தாலும், பிள்ளைக்கு ஒரு டேப்லெட் என்ற கணக்கில்தான் பேச்சு போகிறது. என் வகுப்பில் இருக்கும் கருவி என் போன் மட்டும்தான். காலையில் எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) வருகைப்பதிவு போடுகிற அதே போன். பிள்ளைகள் கையில் போன் வேண்டாம் என்பதுதான் என் கட்சியும். அப்படிப்பட்ட வகுப்புக்கு பிளிக்கர்ஸ் (Plickers) அளவுக்குப் பொருந்துகிற செயலி வேறொன்று என் கண்ணில் படவில்லை.

விஷயம் இதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. அதில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஓர் உருவம், கிட்டத்தட்ட கியூஆர் குறியீடு மாதிரி. நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, விடைக்கான எழுத்து மேலே வருகிற மாதிரி அட்டையைத் திருப்பிப் பிடிக்கச் சொல்ல வேண்டும். செயலியைத் திறந்து போன் கேமராவை வகுப்பின் மேல் மெதுவாக ஓட்டினால் போதும், ஒவ்வோர் அட்டைக்கு மேலும் அந்தப் பிள்ளையின் பெயர் என் திரையில் தெரியும். சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு. அட்டைக்கு அட்டை உருவம் வேறு என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்துத் திருப்ப முடியாது.

2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு இருக்கிறது, காணொளிகள் இருக்கின்றன. நானும் போட்டுக் காட்டுகிறேன், பிள்ளைகளும் ஆசையாகப் பார்க்கிறார்கள். ஆனால் பார்த்தது உள்ளே போனதா என்று காணொளிக்குத் தெரியாது. வாயால் கேட்டாலோ முன் பெஞ்சில் நாலு பேர் சொல்வார்கள், பாடம் நகர்ந்துவிடும்.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் வைத்த கேள்வி: நிலா தேய்ந்து வளர்வதற்குக் காரணம் என்ன? பூமியின் நிழல் விழுவது ஏ. நிலாவின் வெளிச்சம் பட்ட பாதியை நாம் பார்க்கிற கோணம் மாறுவது பி. மற்ற இரண்டும் ஒப்புக்கு. கேமராவை ஓட்டினால் பாதி வகுப்புக்கு மேல் ஏ. எப்போதும் முதலில் கை தூக்குகிறவர்களும் அதில் இருந்தார்கள். விடையைச் சொல்லாமல், "பக்கத்தில் இருக்கிறவங்ககிட்ட உங்க காரணத்தைச் சொல்லுங்க" என்று விட்டுவிட்டேன். இந்த முறை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் எடுத்த எரிக் மசூர் 1990களில் பரப்பியது: ஓட்டு, விவாதம், மறுபடி ஓட்டு. நம் பிள்ளைகளுக்கு இது அப்படியே ஒத்துவருகிறது. பின் பெஞ்சில், வீட்டில் ஆடு மேய்க்கிற ஒரு பையன் சொல்லிக்கொண்டிருந்தான்: "மூணாம் பிறை சூரியன் விழுகுற பக்கமேதான்டா தெரியும். அப்ப பூமி நிழல் எங்கிட்டு விழும்? கிழக்காலதானே?" அந்தப் பக்கமிருந்து ஒரு பிள்ளை, "நிழலுன்னா அது கிரகணம்ல?" என்றாள். நான் பாடம் நடத்தியிருந்தால் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. மறு ஓட்டில் வகுப்பு பெரும்பாலும் பி பக்கம் வந்துவிட்டது. அப்போதும் ஏ பிடித்தவர்கள் யார் யார் என்று செயலியின் அறிக்கையில் இருந்தது. மறுநாள் அவர்களை மட்டும் கூப்பிட்டு டார்ச்சும் பந்தும் வைத்துச் செய்து பார்த்தோம்.

இதற்காகவே செயலியைக் கொண்டாடுகிறேன். மதிப்பெண் போடுவதற்கு இதைப் பயன்படுத்தினால் வீண். அட்டை என்றாலே தேர்வு என்று பயம் வந்துவிட்டால், பிள்ளை தான் நினைப்பதைப் பிடிக்க மாட்டாள், டீச்சருக்குப் பிடித்ததைப் பிடிப்பாள்.

அட்டைகளை அவர்களுடைய தளத்திலிருந்தே இலவசமாக எடுக்கலாம். சாதாரணத் தொகுப்பில் 40 அட்டை, ஒரு ஏ4 தாளில் இரண்டு. மதுரையில் எந்த ஜெராக்ஸ் கடையிலும் கெட்டித் தாளில் அடித்துத் தருவார்கள். லேமினேஷன் போடலாமா என்று கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பளபளப்பில் டியூப்லைட் வெளிச்சம் பட்டுத் தெறித்தால் கேமரா படிக்காது. அட்டையை ஓரத்தில் பிடிக்கப் பழக்குங்கள், கட்டத்தின் மேல் விரல் பட்டாலும் படிக்காது. பிள்ளைகளுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் சாத்திக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. இலவசக் கணக்கில் ஒரு கேள்வித் தொகுப்புக்கு ஐந்து கேள்விதான். முதல் ஓட்டு அழியாமல் இருக்க நான் ஒரே கேள்வியை இரண்டு முறை வைப்பதால், அந்த ஐந்தும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ஆனால் 40 நிமிட வகுப்பில் இரண்டு நல்ல கேள்விக்கு மேல் விவாதிக்கவும் முடியாது, எனவே காசு கட்டத் தோன்றவில்லை. செயலி தமிழில் இல்லை. கேள்விகளைத் தமிழில் தட்டலாம், தடையில்லை. பிள்ளை ஏன் அந்த விடையைப் பிடித்தாள் என்பதை எந்த அட்டையும் சொல்லாது, அதை நாம்தான் கேட்க வேண்டும். அப்புறம் நான்கு விடைக்குள் அடங்காத கேள்விக்கு இது ஆகாது. படம் வரை, காரணம் எழுது என்பதெல்லாம் நோட்டில்தான்.

தொடங்குகிறவர்களுக்கு ஒன்று. வெளி நிறுவனத்தின் கணக்கில் பிள்ளைகளின் முழுப்பெயரை ஏற்ற வேண்டியதில்லை. வருகைப்பதிவேட்டு எண்ணையே அட்டை எண்ணாக வைத்து, பெயருக்கு இனிஷியல் மட்டும் போடுங்கள். அட்டையை அறிவியல் நோட்டின் பின் அட்டைக்குள் ஒட்டிவிட்டால் வருஷம் முழுக்கத் தொலையாது, கொடுத்து வாங்குகிற நேரமும் மிச்சம்.