காயில் கட்டுவதா, சி.டி. மோட்டாரா, கழுவி எண்ணெய் விட்டால் போதுமா?

காப்புக் கட்டுக்கு முன்னால் வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது அந்தப் பொம்மை ரயில் என்ஜின் கிடைத்தது. இங்கிலாந்தில் ட்ரைஆங் கம்பெனி செய்த ‘ஜின்ட்டி’. உள்ளங்கை நீளத்துக்குக் கறுப்பு பிளாஸ்டிக் உடம்பு, ஆறு சக்கரம், 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் 12 வோல்ட் டி.சி.யில் ஓடுவது. பெரியப்பா கப்பல் வேலையை விட்டு வந்தபோது வாங்கி வந்தது. கரண்ட் கொடுத்தேன். ஒரு முனகல், கொஞ்சம் சுட்ட வாடை, அவ்வளவுதான்.

கோயமுத்தூரில் ‘மோட்டார் ஓடல’ என்று வாய்விட்டுச் சொல்லவே கூடாது. 1937-லேயே ஜி.டி. நாயுடு உள்நாட்டு மின்மோட்டார் செய்து காட்டிய ஊர். தெருவுக்கு நாலு மோட்டார் டாக்டர்கள் இருப்பார்கள். எனக்கு மூன்று வைத்தியம் சொன்னார்கள். மோட்டாருக்குள் சுற்றும் ஆர்மேச்சருக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்று, அதாவது காயில் கட்டு. இல்லாவிட்டால் பழைய சி.டி. டிரைவ் மோட்டாரை உள்ளே வை. இல்லாவிட்டால் ஒன்றும் செய்யாதே, கழுவி எண்ணெய் விடு.

முதலில் போனது காயில் கடைக்கு. வாசலில் போர்வெல் மோட்டார், கிரைண்டர் மோட்டார் எல்லாம் வயிறு திறந்து கிடந்தன. கடைக்காரர் என்ஜினின் ‘எக்ஸ்04’ மோட்டாரைக் கையில் வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “ஏனுங்க, இதுக்குக் காயில் கட்ட என்ற பேத்தி விரல்தானுங்க வேணும்.” கம்பி தலைமுடியைவிடச் சற்றுத் தடிப்பு, அவ்வளவுதான். மூன்று துருவத்திலும் ஒரே எண்ணிக்கையில் சுற்று விழ வேண்டும், இல்லாவிட்டால் நடுக்கம் கண்டுவிடும். காப்பரைக் கிலோக் கணக்கில் நிறுக்கிற கடைக்கு இது ஆகிற வேலையா?

ஆனால் அவர் காசு வாங்காமல் ஒன்று சொல்லிக் கொடுத்தார். ஆர்மேச்சரின் மூன்று காயிலும் டெல்டா இணைப்பு, ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் வருகிற அதே டெல்டா. காயிலுக்குக் கரண்ட் போகிற, தண்டோடு சுற்றும் வளையம்தான் கம்யூட்டேட்டர், அதில் மூன்று செம்புத் துண்டுகள். மல்ட்டிமீட்டர் முனைகளை இரண்டிரண்டாக மாற்றி வைத்தால் மூன்று எதிர்ப்பு ரீடிங் வரும். “மூணும் ஒண்ணாட்ட இருந்தா காயில் நல்லா இருக்குதுங்க.” ஒரு காயில் அறுந்திருந்தால் இரண்டு ரீடிங் சமமாகவும் மூன்றாவது அதைப்போல் இரண்டு மடங்காகவும் வரும். என்னுடையதில் மூன்றும் ஒன்றே. காயில் கட்டும் பேச்சு அங்கேயே முடிந்தது. முதலில் மீட்டர் வைக்காமல் காயில் கட்டக் கொடுப்பது, காய்ச்சல் பார்க்காமல் ஊசி போடுகிற மாதிரி.

சி.டி. மோட்டார் யோசனை தங்கச்சி பையனுடையது. உக்கடத்தில் பழைய கம்ப்யூட்டர் உடைக்கிற இடத்தில் டீ காசுக்குக் கிடைக்கும். லிமா கம்பெனியின் பழைய பொம்மை ரயில் என்ஜின்களுக்கு இது நல்ல வைத்தியம்தான், உலகம் முழுக்கச் செய்கிறார்கள். அவற்றின் தட்டை மோட்டாரின் உள்பாகங்களை எடுத்துவிட்டு, சி.டி. மோட்டாரின் தண்டில் பல்சக்கரம் மாட்டிப் பொருத்தினால் சத்தமில்லாமல் மெதுவாக ஓடும், கரண்டும் கம்மி. ஒன்று மட்டும் பார்க்க வேண்டும். இவை 5, 6 வோல்ட் மோட்டார்கள். தொடரில் ரெசிஸ்டர் போடாமல் 12 வோல்ட்டில் விட்டால் சூடாகிக் கெட்டுவிடலாம்.

ஜின்ட்டிக்கு எனக்கு இது பிடிக்கவில்லை. சி.டி. மோட்டார் தண்டின் தடிப்பு, சக்கரத்தின் பல்லைச் சுற்றிவிடும் பித்தளை மறைக்குப் பொருந்தாது. அதைவிடப் பெரிய காரணம் எடை. எக்ஸ்04 நல்ல கனம், அந்தக் கனம்தான் சக்கரத்தைத் தண்டவாளத்தில் அழுத்துகிறது. இலேசான மோட்டாரை வைத்தால் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. ஈயம் உருக்கி ஒட்ட வேண்டும். அதற்குப் புது என்ஜினே வாங்கிவிடலாம்.

மிச்சம் கழுவுவதுதான். இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் சறுக்குகிற இடம் என்று நினைக்கிறேன். நமக்குப் பழக்கமான போர்வெல், கிரைண்டர் மோட்டார்களில் கம்யூட்டேட்டர் கிடையாது, அதை உரசிக் கரண்ட் கொடுக்கும் கார்பன் கட்டைகளும் கிடையாது. வீட்டில் இந்த ரயில் மோட்டாருக்கு உறவுக்காரன் யாரென்றால் மிக்ஸிதான். அதனால் மிக்ஸி ரிப்பேர் செய்பவரிடம் போனேன். அவர் பார்த்ததும் சொன்னார்: “கார்பன் தூளும் எண்ணெயும் சேந்து களிம்பாயிருச்சுங்க.”

எண்ணெய் எது தெரியுமா, தேங்காயெண்ணெய். பெரியப்பாவுக்குப் பூட்டு, கீல், தலை எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில்தான். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், மார்கழியில் நம் ஊரில் பாட்டிலோடு வெயிலில் வைக்கிற பொருள். வருசக்கணக்கில் கிடந்ததில் மஞ்சள் பிசினாகித் தண்டைக் கவ்விப் பிடித்திருந்தது.

கழுவ எது நல்லது? தின்னர் உடனே வேலை செய்யும், பிளாஸ்டிக் உடம்பில் ஒரு சொட்டுப் பட்டால் அதையும் கரைக்கும், கம்பியின் இனாமலுக்கும் ஆகாது. பெட்ரோல் பிசினை எடுக்கும், ஆனால் கார்பனில் பொறி பறக்கிற மோட்டாருக்குப் பக்கத்தில் நான் அதைக் கொண்டுபோக மாட்டேன். கொரோனா காலத்துச் சானிடைசர் மிச்சம் இருக்கிறதே என்று நினைக்கலாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கின்றன. செல்போன் சர்வீஸ் கடையில் போர்டு கழுவுகிற ஐ.பி.ஏ., அதாவது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்தான் சரி. காது குடையும் பஞ்சில் தொட்டு, தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே துடைத்தேன். ஏழாவது பஞ்சில்தான் செம்பு நிறம் தெரிந்தது.

அடுத்து செம்புத் துண்டுகளுக்கு இடையே உள்ள மூன்று பிளவுகள். அங்கே கார்பன் அடைத்தால் கரண்ட் குறுக்கே பாய்ந்துவிடும், முனகலும் சூடும் அதனால்தான். இதற்குக் குண்டூசி வேண்டாம், கீறும். சீமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி நுனியைச் சீவினால் அளவெடுத்த மாதிரி உள்ளே போகிறது. உப்புத்தாளும் வேண்டாம். மங்கல் போகாவிட்டால் பென்சில் அழிக்கும் ரப்பர் போதும்.

கார்பன் இரண்டும் தேய்ந்திருந்தன. மிக்ஸி கார்பனை அரத்தில் தேய்த்து அளவாக்கிப் போட்டுப் பார்த்தோம். ஓடியது, ஆனால் சோம்பலாக. அது 230 வோல்ட்டுக்கானது. 12 வோல்ட் மோட்டாருக்குச் செம்பு கலந்த, எதிர்ப்புக் குறைந்த கார்பன் வேண்டும். எக்ஸ்04-க்கென்றே இன்றும் தயாராகி வருவதை வரவழைத்தேன். மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கார்பனை அழுத்தும் ஸ்பிரிங்கின் ஒரு காலில் மட்டும் சின்ன உறை இருக்கும். அழுக்கென்று அதை உருவிப் போட்டால் நேரே ஷார்ட்.

எண்ணெய்க்குத் திருப்பூர்க்காரர்களைக் கேட்கவே வேண்டாம், தையல் மெஷின் ஆயில்தான். தண்டின் இரு முனையிலும் உள்ள கம்பளிப் பஞ்சுக்கு ஒவ்வொரு சொட்டு. கம்யூட்டேட்டர் பக்கம் ஒரு துளிகூடப் போகக் கூடாது.

ஒரு தப்பு செய்தேன். ஆர்மேச்சரை வெளியே எடுத்து ராத்திரி முழுக்க அப்படியே வைத்துவிட்டேன். மோட்டாரின் காந்தம் அல்நிகோ என்ற உலோகக் கலவை, துருவங்களுக்கு இடையே இரும்பு இல்லாமல் இருந்தால் பலம் இழக்கும். உண்மையில் கழற்றவே தேவையில்லை, திறந்த சட்டம்தானே, வெளியிலிருந்தே துடைத்திருக்கலாம். இப்போது ஜின்ட்டி தனியாகச் சீறிப் பாய்கிறது, இரண்டு பெட்டி கோத்தால் சூடாகித் திணறுகிறது. காந்தம் தளர்ந்ததற்கு அதுதான் அடையாளம். அல்நிகோவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கச் சின்ன நியோடிமியம் காந்தங்களுக்குச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை. அதுவரை சாப்பாட்டு மேஜையில் ஒற்றை என்ஜினாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.